கச்சான் இறைத்த கிணறு

காலை ஐந்தே முக்கால் மணிக்கு நாசரேத்தில் பேருந்து ஏறினேன். எழுபத்தைந்தாம் வருடம், ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தூத்துக்குடிக்கு இரண்டு ரூபாய் பத்துக் காசு. துணிப்பையில் ஒரு நோட்டு, நான்கு இட்லி, ஒரு குடை. ஆடிக் காற்றில் கடற்கரைக்குக் குடை கொண்டுபோகிறவள் பெண்கள் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கிறாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

எதற்காகப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு மீனவ ஊரில், அந்தப் பகுதி ஊராட்சி ஒன்றியம் குடிநீர் இறைக்கக் காற்றாலை ஒன்று நிறுவியிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற நேரம் அது. எண்ணெய் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், புகையும் இல்லாமல் தண்ணீர் வருகிறது என்று செய்தி பரவியது. எங்கள் ஒன்றியத்திலும் தேரிச் செம்மணல் மேட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அதேபோல் வைக்கவேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கப் பேசியது நான்தான். நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வர மூன்று பேரை நியமித்தார்கள். ஒருவருக்கு வயிற்றுவலி வந்தது. மற்றொருவருக்குக் கல்யாண வீடு வந்தது. ஆடியில் எந்த ஊரில் கல்யாணம் நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. தனியாகவே கிளம்பினேன்.

அந்த ஊரின் பெயரையும் ஒன்றியத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. படித்து முடிக்கும்போது காரணம் தெரியும்.

குரும்பூர் தாண்டி ஏரலில் ஆற்றைக் கடந்தபோது பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். தாமிரபரணியில் மணல்தான் ஓடியது. போன ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்துப் போயிருந்தன. எனக்கு முன்னிருக்கையில் இருந்த வாழைக்காய் வியாபாரி, "ஆத்துக்காரன் கதையே இப்படின்னா கடக்கரைக்காரன் என்னத்தக் குடிப்பான்?" என்று பொதுவாகக் கேட்டார்.

ஏழரைக்குத் தூத்துக்குடி. உப்புக் குவியல்கள் பனையோலை வேய்ந்து வரிசையாக நின்றன. புதுத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கரித்தூளையும் உப்பையும் மாறிமாறிச் சாலையில் சிந்திக்கொண்டு போயின. கச்சான் காற்று எதிர்த்து நின்று அடித்தது. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்குக் கடலோரத்தில் அதுதான் பெயர். வேம்பார் பேருந்து எட்டே காலுக்குத்தான். இருபது காசுக்கு ஒரு டீ குடித்தேன். பாதி டம்ளர் மணல்.

ஒன்பதரை மணிக்கு ஒன்றிய அலுவலகத்தில் இறங்கி, காற்றாலையை நிறுவிய ஓவர்சியரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். சுறுசுறுப்பானவர். சுவரில் காற்றாலையின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார், மாலை போடாதது ஒன்றுதான் குறை. முதல் எட்டு மாதத்திலேயே பதினோரு ஒன்றியங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டார்கள் என்றார். என்னை ஜீப்பில் கூட்டிப்போவதாக எழுதியிருந்தார். ஜீப்புக்கு அந்த மாதத்து டீசல் தீர்ந்துவிட்டது.

"பஸ்லயே போயிருங்க டீச்சர், கிளை ரோட்டுல இறங்குனா ரெண்டு மைல்தான். காத்தாடி ஓடிட்டிருக்கும், நான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

காற்று அடித்தால் காற்றாலை ஓடும். அதை ஏன் சொல்லி வைக்கவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு, உடைமரங்களைத் தாண்டியதும் அது கண்ணில் பட்டது. முப்பதடி இரும்புக் கோபுரம், உச்சியில் பன்னிரண்டு தகடுகள், பின்னால் ஒரு வால். கச்சானுக்கு முகம் கொடுத்துத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. கீழே கம்பி ஏறி இறங்க, மேல்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் எரியவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. நின்ற இடத்திலேயே நோட்டை எடுத்து, 'தண்ணீர் தாராளம்' என்று எழுதினேன்.

எழுதி முடித்து நிமிர்ந்த பிறகுதான் கவனித்தேன். தொட்டியின் கீழ் ஐந்து குழாய்கள் இருந்தன. ஒரு குழாயடியிலும் குடம் இல்லை. வழிந்த தண்ணீர் போன வழியெல்லாம் மணல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பக்கத்தில் ஏழெட்டுத் தென்னங்கன்றுகள் நுனி கருகி நின்றன.

ஒரு குழாயைத் திறந்து, இரண்டு கையிலும் ஏந்தி வாயில் விட்டேன்.

"துப்பிருங்க டீச்சர், முழுங்கிராதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

துப்பினேன். கடல் தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஆனால் கடலுக்குச் சொந்தக்காரத் தண்ணீர்.

குரலுக்குரியவள் மிக்கேலம்மாள். நாற்பத்தைந்து வயது, ஊராட்சி உறுப்பினர், சங்கு குளிக்கப் போகிறவரின் மனைவி. ஊரில் தபால் படிக்கவும் மனு எழுதவும் அவளைத்தான் தேடுவார்கள்.

"எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"முந்தாநாள்ல இருந்து."

"முந்தாநாள் என்ன நடந்தது?"

"நீங்க வாரீயன்னு கடுதாசி வந்துச்சு. காத்தாடிய அவுத்து விடுங்கன்னு ஓவர்சியர் எழுதிருந்தாவ" என்றாள். குரலில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திரும்பி, "ஏளா, டீச்சருக்கு நாற்காலிய நெழல்ல போடு" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

நூறு வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான். மணல்மேட்டுக்குப் பின்னால் இரண்டு ஆள் ஆழத்தில் இனிப்புத் தண்ணீர். பெய்கிற மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் பாலாடைபோலப் படிந்து நிற்கிறது. அவ்வளவுதான் அந்த ஊரின் ஆஸ்தி. மேலோடு மேலாக மொண்டால் குடிக்கலாம். அள்ளி அள்ளி எடுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். இதற்காக அவர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மாலையில் மாதா கோயிலில் செபத்துக்குத் திருந்தாதி மணி அடித்தால் கிணற்றில் கை வைக்கக்கூடாது. கிணற்றைப் பலகையால் மூடிச் சாவியை, மணி அடிக்கும் கோயில்பிள்ளை எடுத்துப் போய்விடுவார். காலை மணி அடித்த பிறகுதான் திறப்பார். பிரசவ வீடானாலும், சாவு வீடானாலும் அதேதான். இரவெல்லாம் கிணறு ஓய்வெடுக்கும். எப்போதிலிருந்து இந்த வழக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.

போன ஆடியில் காற்றாலை வந்தது. குழாய் இறங்குவதற்காகக் கிணற்றுப் பலகையை எடுத்துவிட்டார்கள்.

"அப்படியானால் இரவிலும் ஓடியிருக்குமே. நிறுத்தவில்லையா?" என்று கேட்டேன்.

கோயில்பிள்ளை சூசைக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கால் சற்று வளைந்த மனிதர், எழுந்து நின்றே பதில் சொன்னார். "மணி அடிச்ச பொறவு ஒரு சொட்டு யாரும் பிடிச்சது கெடையாது டீச்சர். மாதா மேல ஆணையாச் சொல்லுதேன். அஞ்சு குழாய்க்கும் நானே பூட்டுப் போட்டேன். சாவி என் இடுப்புலதான் கெடந்துச்சு."

"குழாய் பூட்டித்தான் இருந்தது. மேலே காற்றாலை?"

"அது காத்துல சுத்துது. நாங்க யாரும் கை வைக்கலியே" என்றார்.

எட்டு மாதம். ஒவ்வொரு மாலையும் நூறு வீட்டுக்காரர்களும் ஒழுங்காகக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செபம் சொல்லப் போயிருக்கிறார்கள். கட்டுப்பாட்டை ஒருவரும் மீறவில்லை. பூட்டிய குழாய்களுக்கு மேலே, கச்சான் ஓய்ந்தால் வாடை, வாடை ஓய்ந்தால் கொண்டல் என்று எல்லாக் காற்றும் முறைவைத்து இரவெல்லாம் இறைத்து, தொட்டி வழிந்து, நல்ல தண்ணீர் மணலில் ஓடி வீணாய்ப் போயிருக்கிறது. அதில் தென்னங்கன்று வைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். மழையும் இல்லை. தவக்காலத்தில் உப்பு தட்டியது. பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளன்று சமைத்த பருப்பு வேகவே இல்லை.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உப்புநீரில் முட்டை மிதப்பதையும் நல்ல நீரில் மூழ்குவதையும் பதினெட்டு வருடமாக வகுப்பில் செய்து காட்டுகிறேன். காற்றாலைக்காகக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? காற்று இலவசம் என்பது ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. இலவசமாக இறைப்பதை நிறுத்த யாருக்கும் மனம் வராது என்பது தெரியவில்லை.

சித்திரையில் மிக்கேலம்மாளும் சூசையும் ஒன்றியத்தைக் கேட்காமலே காற்றாலையின் வாலை மடக்கி, வள்ளத்து நங்கூரச் சங்கிலியால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குக் காலையில் இரண்டு குடம், கையால் மொண்டு. அதற்கு மேல் வேண்டியவர்கள் மூன்று மைல் நடந்து பக்கத்து ஊர் ஊருணிக்குப் போகவேண்டும். அங்கே அந்த ஊர்க்காரர்கள் எடுத்து முடிக்கும்வரை கரையில் காத்திருக்கவேண்டும். இப்படி மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததில் கிணறு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது.

"போன வாரம் பருப்பு வெந்துச்சு டீச்சர். எங்க குசினில பாத்துட்டு, நாலு வீட்டுல போயிச் சொன்னேன். பொம்பளைய எல்லாம் வந்து பானைக்குள்ள கரண்டிய விட்டுப் பாத்தாளுவ" என்றாள் மிக்கேலம்மாள்.

அதன் பிறகுதான் என் வருகையைப் பற்றிய கடிதம் வந்திருக்கிறது.

"அவிழ்க்க முடியாது என்று சொல்லியிருக்கலாமே" என்றேன். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சொன்னோமே. காத்தாடி ஓடுத ஊருன்னு பேப்பர்ல இருக்கதால லாரித் தண்ணி கெடையாதுன்னுட்டாவ. ஓடலன்னா எழுதிக் குடுங்க, அடுத்த வருசம் லிஸ்டுல சேப்போம்ங்காவ. அடுத்த வருசம் வரைக்கும் குடிக்கதுக்கு என்ன செய்ய? ஓவர்சியர் கெட்டவரு இல்ல. மேல இருந்து அவரக் கேக்காவ, அவரு எங்களக் கேக்காவ. ரெண்டு நாளுதானன்னு அவுத்து விட்டோம்."

வறட்சிக்காக ஊர் ஊராகக் குடிநீர் லாரி போய்க்கொண்டிருந்த வருடம் அது. 'குடிநீர்த் திட்டம் நிறைவேறிய ஊர்' என்று பதிவாகிவிட்டதால் அந்த ஊருக்கு மட்டும் போகவில்லை.

உடனே கட்டச் சொன்னேன். மணி பன்னிரண்டே முக்கால். நான்கு ஆண்கள் வாலில் கட்டிய கயிற்றை இழுத்துத் தகடுகளைக் காற்றுக்கு விலக்கினார்கள். சூசை ஏறிச் சங்கிலியைச் சுற்றினார். வேகம் குறைந்து, தகடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, கிறீச்சென்று நின்றது. காலையில் அது ஓடியதைப் பார்த்து எனக்கு வந்த மகிழ்ச்சியை நினைக்க வெட்கமாக இருந்தது.

சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள் மிக்கேலம்மாள். சோறும் சாளைக் குழம்பும். பெரிய டம்ளர் நிறைய நல்ல தண்ணீர் வைத்தாள். ஊருணித் தண்ணீர், காலையில் அவள் தலையில் சுமந்து வந்தது. பாதி குடித்துவிட்டு மீதியை வைத்தேன். கை கழுவித் திரும்பி வந்தபோது, அந்த மீதியை அவள் பானையில் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டாள். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

தெருவில் நடந்தபோது பூட்டிய வீடுகளை எண்ணினேன். இருபத்திமூன்று. எல்லாரும் தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள், புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்க. "கெணறு நின்னா நாங்க நிப்போம். மிச்சப் பேரு அதுக்குத்தான் பொறுத்துக் கெடக்காவ. இன்னொரு தடவ உப்பு ஏறுனா யாரையும் நிறுத்த முடியாது" என்றாள் அவள்.

ஊர் எல்லைவரை கூட வந்தாள். உடைமரத்தடியில் நின்று, "டீச்சர், நீங்க எழுதப்போறதுல ஒரே ஒரு வரி போதும். காத்தாடிய ஓட்டக்கூடாதுன்னு மட்டும் எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றாள்.

"எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன். விவரமாக எழுதினால்தான் எடுபடும்" என்றேன்.

"விவரம் வேண்டாம் டீச்சர். விவரம்னா பாக்க வருவாவ."

நான் அவள் கையைப் பிடித்து, கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மூன்றரை மணிக்குப் பேருந்து வரவில்லை. உப்பு லாரி ஒன்று நின்றது. ஓட்டுநருக்குக் கதை எல்லாம் தெரிந்திருந்தது. "உப்பளத்துல வச்சிருக்க வேண்டிய காத்தாடி டீச்சர் அது. உப்புத் தண்ணி வந்தா அங்கன அண்ணாச்சிமாரு கும்புட்டு வாங்குவாங்க. கொண்டுபோயி குடிக்க கெணத்துல வச்சிருக்கானுவ" என்றார். தூத்துக்குடியில் என்னை இறக்கிவிட்டார். இரவு எட்டரைக்கு நாசரேத் வந்து சேர்ந்தேன். வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தேன். எங்கள் ஊர்த் தண்ணீரின் ருசி எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அறிக்கை பதினோரு பக்கம். கிணற்றின் குறுக்குவெட்டுப் படம், நன்னீர், உப்புநீர், அம்புக்குறி எல்லாம் போட்டேன். காற்றாலையை உடனே நிறுத்தவேண்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தபோது, ஆதாரமில்லாமல் ஒரு பெண்பிள்ளை புலம்பியதுபோல் எடுத்துக்கொள்வார்களோ என்று தோன்றியது. கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். அறிக்கையின் ஒரு படி அந்த ஒன்றியத்துக்கும் போனது.

எங்கள் ஒன்றியத்தில் அறிக்கைக்கு ஏகப்பட்ட பாராட்டு. தேரிக் கிராமத்துக்குக் காற்றாலை வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். "ஒங்களால நம்ம ஊர் தப்பிச்சு டீச்சர்" என்று தலைவர் எனக்குச் சால்வை போட்டார். வாங்கிக்கொண்டேன்.

புரட்டாசிக் கடைசியில் மிக்கேலம்மாளிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. மனு எழுதிப் பழகிய கை, எழுத்து நேராக இருந்தது.

'அன்புள்ள டீச்சருக்கு. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று இஞ்சினியர்கள் வந்தார்கள். சங்கிலியை அவிழ்த்து மூன்று பகலும் மூன்று இரவும் ஓட்டிப் பார்த்தார்கள். நாங்கள் காலில் விழுந்தோம். டீச்சர் கேட்டபடிதான் செய்கிறோம் என்று உங்கள் எழுத்தைக் காட்டினார்கள். தண்ணீர் உப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். இந்த வாரம் முப்பது வீடு கிளம்புகிறது. நாங்களும் போகிறோம். உங்கள் மேல் வருத்தம் இல்லை.'

வருத்தம் இல்லை என்று அவள் எழுதியதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அலமாரியிலிருந்து அறிக்கையின் படியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

'மேற்கண்ட முடிவை உறுதிசெய்ய, காற்றாலையைக் குறைந்தது எழுபத்திரண்டு மணி நேரம் தொடர்ந்து இயக்கி, கிணற்று நீரின் உப்பு அளவைத் தகுதியுள்ளவர்கள் முறைப்படி சோதித்தல் நலம்.'

திருத்தமான வாக்கியம். ஒரு மாணவி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.